ஷூ எடுத்து வச்சாச்சா பேராண்டி?

டோக்கியோவுக்கு ஆபீஸ் வேலையா போறியாமே, சந்தோஷம். பெட்டியில முதல்ல ஏறினது ஓடுற ஷூதான்னு உங்க அம்மா சொன்னா. உங்க அப்பத்தா இடிச்சுக் கொடுத்த பருப்புப் பொடிப் பொட்டலம் அந்த ஷூவுக்குள்ளதான் குடியிருக்காம். இருக்கட்டும், இடம் மிச்சம். ஜப்பான்காரன் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தா என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் யோசிச்சு வச்சுக்கோ.

நான் மானாமதுரைப் பக்கம் கண்மாய்க் கரையிலயே காலம் தள்ளின ஆளு. உங்க அடையாறு வீட்டு பால்கனியில உட்கார்ந்து, விடியறதுக்கு முன்னாடியே ஓடுற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நாலு விஷயம் பிடிபட்டிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போ. நீ கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் விடிகாலையில ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தாத்தான் ஊரே தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரியுறே. நான் மறுக்கல. அடையாறு சிக்னல்ல இருந்து நடந்து போறவன் ஒரு மணி நேரத்துல மயிலாப்பூர்க் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்குவான். அதே ஒரு மணி நேரத்துல ஓடுறவன் குளத்தையும் சுத்திட்டு வீட்டுக்கே வந்து பல்லு விளக்கிக்கிட்டு நிப்பான். ஒரு ராத்திரி தங்கப் போற ஊர்ல இது பெரிய லாபம்தான். கடைக்காரன் ஷட்டரைத் தூக்கலை, டிக்கெட் கவுண்டர் திறக்கலை, கைடு இன்னும் எழுந்திருக்கலை. யாரும் உன்னை ஏமாத்துறதுக்கு முன்னாடி ஊரைப் பார்த்துட்டுத் திரும்பிடுறே. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனா ஒரு சந்தேகம். போன தடவை சிங்கப்பூருக்குப் போய் வந்தியே, என்னப்பா பார்த்தேன்னு ஆசையாக் கேட்டேன். போனை நீட்டினே. வரைபடத்து மேல ஆரஞ்சுக் கலர்ல ஒரு கோடு கோணல்மாணலாப் போகுது. கோடு நல்லாத்தான் இருந்துச்சு. இதுல ஆறு எங்க இருக்கு, சந்தை எங்க இருக்குன்னு கேட்டேன். “ஹார்ட் ரேட் நூத்தி அம்பத்தெட்டு தாத்தா”ன்னே. அவ்வளவு தூரம் டிக்கெட் போட்டுப் போயி உன் நெஞ்சு அடிக்கிறதைத்தான் பார்த்துட்டு வந்தியா? அதை இங்கேயே கபாலி கோயில் பக்கத்துல எந்த டாக்டர்கிட்டப் போனாலும் பார்த்துச் சொல்லியிருப்பாரே.

எங்க அப்பாரு காலத்துல தபால் ரன்னர்னு ஒருத்தர் உண்டு. தோள்ல தபால் பை, கையில மணி கட்டின ஈட்டிக் கம்பு. ஓடிக்கிட்டே வருவார், குறிப்பிட்ட இடம் வந்ததும் அடுத்த ஆள்கிட்டப் பையைக் கொடுத்துடுவார். மணிச் சத்தம் கேட்டா ஊர் ஒதுங்கி வழி விடும். எந்த ஓடையில தண்ணி வந்திருக்கு, எந்தப் பாலம் ஆடுது, எவன் தோட்டத்துல நாயை அவுத்து விட்டிருக்கான், எல்லாம் அவருக்கு அத்துபடி. அவரைச் சம்பளம் கொடுத்து ஓட விட்டாங்க. நீ பணம் கட்டி, பனியன் வாங்கி, நெஞ்சுல நம்பரைக் குத்திக்கிட்டு ஓடுறே. அவர் மணி கட்டிக்கிட்டு ஓடினார். நீ காதை அடைச்சுக்கிட்டு ஓடுறே. காலம் முன்னேறத்தான் செய்யுது.

உன் மேசையில கிடந்த புத்தகத்தை உங்க அம்மாவை விட்டுப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். முரகாமின்னு ஒரு ஜப்பான் எழுத்தாளர். 1983-ல, கொளுத்துற ஜூலை மாசத்துல, ஏதென்ஸ்ல இருந்து மாரத்தான்ங்கிற ஊர் வரைக்கும் ஓடியிருக்கார். எதை ஞாபகம் வச்சு எழுதுறார் தெரியுமா? வழியில வண்டியில அடிபட்டுக் கிடந்த நாயையும் பூனையையும் எண்ணிக்கிட்டே போயிருக்கார். அதை எந்த கைடு காட்டுவான்? எந்த போஸ்ட்கார்டுல போடுவான்? அந்த மனுஷன் ரோட்டைப் பார்த்திருக்கார். நீ அந்தப் புத்தகத்தை முப்பதாம் பக்கத்துல காப்பி தம்ளர் வச்சு மூடி வச்சிருக்கே.

சரி, டோக்கியோவுக்கு வருவோம். உனக்கு முன்னாடியே அங்க போய் வந்த ஓட்டக்காரர் ஒருத்தர் நம்ம ஊர்ல இருக்கார். மா. சுப்பிரமணியன். 2006-ல இருந்து 2011 வரைக்கும் சென்னைக்கு மேயர், 2021-ல சுகாதார அமைச்சரானவர். 2004-ல விபத்துல முழங்கால்ல பலமா அடிபட்டவர். அந்தக் காலை வச்சுக்கிட்டுத்தான் உள்ளூர் வெளிநாடுன்னு நூத்துக்கும் மேல அரை மாரத்தான் ஓடியிருக்கார், ‘ஓடலாம் வாங்க’ன்னு புத்தகமும் போட்டிருக்கார். 21 கிலோமீட்டரை ‘அரை’ன்னு சொல்ற துணிச்சல் உங்க கூட்டத்துக்குத்தான் வரும், போகட்டும். அவர் ஜப்பானுக்குப் போன இடத்துல, டோக்கியோவுல ஜனங்க நடக்கிறதுக்குன்னே 8 கிலோமீட்டர் பாதை ஒண்ணை ஒழுங்கு பண்ணி வச்சிருக்கிறதைப் பார்த்தார். பார்த்துட்டு அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டதோட விடல. 2023 நவம்பர் 4-ஆம் தேதி, நம்ம வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற முத்துலட்சுமி பூங்காவுல தொடங்கி, பெசன்ட் நகர்ப் பக்கமாப் போற 8 கிலோமீட்டர் பாதையை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வச்சார். ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு பேர். 38 மாவட்டத்துலயும் இப்படி ஒவ்வொரு பாதை.

கட்சி விவகாரத்தை நீ தேர்தல் வரும்போது பார்த்துக்கோ. எனக்குப் பிடிச்சது இதுதான்: வெளிநாட்டுக்குப் போன மனுஷன் அங்க இருந்து ரோட்டையே சுருட்டிக்கிட்டு வந்துட்டார். நீ போன தடவை கொண்டு வந்தது பிரிட்ஜ்ல ஒட்டுற சிங்கம். அதுவும் ஒட்ட மாட்டேங்குது, கதவைத் திறந்தா விழுது.

இன்னொண்ணும் கவனிச்சேன். அந்தப் பாதை வாசல்ல இருந்து எட்டிப் பார்த்தாத் தெரியுது. நீ ஞாயித்துக்கிழமை நாலரை மணிக்கு எந்திரிச்சு, காரை எடுத்துக்கிட்டு, நேப்பியர் பாலத்துக்குப் போயி, பார்க்கிங்குக்கு இடம் தேடி, அப்புறம் ஓடி, அப்புறம் காரை ஓட்டிக்கிட்டு வர்றே. ஓடுறதுக்குக் கார்ல போன முதல் வம்சம் நம்ம வம்சமாத்தான் இருக்கும். வீட்டுப் பக்கத்துப் பாதையில பைக் நிக்குது, நாய் படுத்திருக்கு, கட்டடம் கட்டுறவன் ஜல்லியைக் கொட்டி வச்சிருக்கான்னு நீ சலிச்சுக்கிறது தெரியும். அதெல்லாம் இருந்தாத்தானப்பா கால் கண்ணோட பேசும்? டோக்கியோவுல இந்த வசதி எதுவும் கிடைக்காது. ஓட்டம் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், பொறுத்துக்கோ.

அங்க ராஜா அரண்மனையைச் சுத்தி ஓடுறதுதான் பிரசித்தமாம். ஒரு சுத்து 5 கிலோமீட்டர், வழியில சிக்னலே கிடையாது. ஆனா எல்லாரும் இடமிருந்து வலமா இல்ல, வலமிருந்து இடமாத்தான் சுத்தணும், அதாவது அப்பிரதட்சிணம். அதுதான் அங்க மரியாதை. நீயோ சின்ன வயசுல இருந்து கபாலி கோயிலை வலம் வந்தவன். பழக்க தோஷத்துல பிரதட்சிணமாக் கிளம்பி நூறு ஜப்பான்காரங்களை எதிர்ல போய் முட்டிராதே. அவங்க திட்டவும் மாட்டாங்க, குனிஞ்சு மன்னிப்புக் கேப்பாங்க. திட்டு வாங்குறதைவிட அது கொடுமை.

அங்க ராஜா உள்ளே இருக்கார், ஜனங்க சுத்துறாங்க. மயிலாப்பூர்ல அப்படியில்ல, ராஜாவே வெளியே வந்து சுத்துறார். பங்குனிப் பெருவிழா ஏழாம் நாள் தேர். காலையில வடம் பிடிச்சாங்கன்னா நாலு மாடவீதியும் சுத்தி நிலைக்கு வர மத்தியானம் ஆயிடும். அவர் கையில உன் கடிகாரத்தைக் கட்டிவிட்டா, ரொம்ப நேரமா அசையாம இருக்கீங்க, கொஞ்சம் எழுந்து நடங்கன்னு கிணுகிணுக்கும். ஆனா அந்த நாலு தெருவுல அவருக்குத் தெரியாத திண்ணை உண்டா, அவருக்குக் கற்பூரம் காட்டாத வாசல் உண்டா? மறுநாள் சாயந்திரம் அறுபத்து மூணு நாயன்மாரையும் கூட்டிக்கிட்டு வர்றார். உங்க பாஷையில குரூப் ரன். வழி நெடுக மோர், பானகம், புளியோதரை. உங்க மாரத்தான்ல மாதிரி வாழைப்பழத்தைப் பாதியா வெட்டிக் கொடுக்கிற கஞ்சத்தனம் கிடையாது, பதிவுக் கட்டணமும் கிடையாது.

அதனால டோக்கியோவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் மயிலாப்பூருக்கு வெளியூர்க்காரனாப் போ. அஞ்சு மணிக்கு மாடவீதியில பேப்பர்க்காரப் பிள்ளைக நடைபாதையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேப்பருக்குள்ள இணைப்பைச் செருகிக்கிட்டிருப்பாங்க. எந்தத் தெருவுக்கு எத்தனை பேப்பர்னு கேளு, அங்க எத்தனை வயசாளிங்க மிச்சம் இருக்காங்கன்னு தெரிஞ்சுபோகும். பூக்கூடை இறங்கும். கோலம் போடுறவங்க இன்னும் யார் யாருன்னு தெரியும். ஸ்டிக்கர் ஒட்டினவங்க யாருன்னும் தெரியும். லஸ் பக்கம் திரும்பினா மெட்ரோவுக்குத் தோண்டுற தகரத் தடுப்பு. பூமிக்கடியில ஆழமா ஸ்டேஷன் கட்டுறாங்க. நேத்து இருந்த வழி இன்னைக்கு இருக்காது. போன்ல இருக்கிற வரைபடம் தகரத்துக்குள்ள நேராப் போகச் சொல்லும். அங்கதான் நீ வாயைத் திறந்து ஒரு மனுஷன்கிட்ட வழி கேக்கணும். கேக்க வேண்டிய நிலைமை வந்தாத்தான் நீ வெளியூர்ல இருக்கேன்னு அர்த்தம்.

பக்கத்துலயே நாகேஸ்வர ராவ் பூங்கா. காலையில அங்க சுத்துற கூட்டத்தைப் பார்த்தா மயிலாப்பூர்ல பாதிப் பேர் வீட்டுல இருக்கிறதே இல்லைன்னு தோணும். யாரு அந்த நாகேஸ்வர ராவ்னு நினைக்கிறே? அமிர்தாஞ்சன் தைலத்தைக் கண்டுபிடிச்சு 1893-ல விக்க ஆரம்பிச்ச மகராசன். முழங்கால் தேய ஓடுற ஜனங்களுக்கு வலித் தைலக்காரர் பேர்ல பூங்கா. பேர் வச்ச புண்ணியவான் ரொம்ப தூரம் யோசிச்சிருக்கார்.

லூப் ரோட்டுல நீ ஓடுறதையும் பார்த்தேன். நொச்சிக்குப்பம் வந்ததும் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு வேகம் பிடிக்கிறே. உன் கடிகாரத்துல அன்னைக்கு ரொம்ப வேகமான கிலோமீட்டர் அதுதான்னு நீயே பெருமைப்பட்டே. மீன் வாசனைக்கு உண்டான மகிமை அது. 2024-ல அங்க புது மீன் மார்க்கெட் கட்டித் திறந்திருக்காங்க, பார்த்தியா? பார்த்திருக்க மாட்டே, பறந்துட்டே. படகு கரையேறுற நேரத்துல அங்க ரெண்டு நிமிஷம் நில்லு. காத்து வாடையா கச்சானா, கடல் எப்படி, இன்னைக்கு என்ன பட்டுச்சு, எல்லாம் சொல்லுவாங்க. எதிர்காத்துல ஏன் இப்படித் திணறினோம்னு உனக்கே விளங்கும். அஞ்சு மணிக்கு எழுந்தோம்னு நீ ஆபீஸ்ல அலட்டிக்கிறியே, அங்க இருக்கிறவங்க எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனாங்கன்னு மட்டும் கேட்டுராதே. அப்புறம் அலட்ட முடியாது.

எலியட்ஸ் பீச்சுல வெள்ளையா ஒரு வளைவு மண்டபம் நிக்குதுல்ல, ஓடிக் களைச்சதும் ஒரு காலைத் தூக்கி வச்சு நரம்பை இழுத்து விடுறீங்களே, அது ஸ்ட்ரெச்சிங்குக்குன்னு கட்டினது இல்லப்பா. கார்ல் ஷ்மிட்னு டென்மார்க் தேசத்து மாலுமி, 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் முழுகிச் செத்தார். அவருக்கு நினைவு மண்டபம். வெளியூர்ல வந்து ஓடின மனுஷன் அவரும்தான். கடலைப் பார்த்து ஓடினார், எவ்வளவு வேகமா ஓடினார்னு எவனும் குறிச்சு வைக்கல. அடுத்த தடவை காலைத் தூக்குறதுக்கு முன்னாடி கல்வெட்டைப் படி.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். தி. நகர்.

தி. நகர்ல ஓடச் சொன்னா நீ சிரிப்பே. சாயந்திரம் ரங்கநாதன் தெருவுல நீ ஓடவே வேணாம், காலைத் தூக்கினாப் போதும், கூட்டமே உன்னை மாம்பலம் ஸ்டேஷன்ல கொண்டு போய் விட்டுரும். விடிகாலையில போ. பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதையை அகலமாக்கினாங்களே, அது எவ்வளவு அகலம்னு அந்த நேரத்துலதான் கண்ணுக்குத் தெரியும். போகும்போது பாட்டைக் கேக்காம காலைக் கேளு.

சென்னை தட்டையான ஊர், மேடே இல்ல, மேடு ஏறிப் பழகணும்னா மேம்பாலத்துலதான் ஏறணும்னு நீங்க எல்லாம் புலம்புறது காதுல விழுது. கண்மாய்க் கரையில வளர்ந்தவன்கிட்ட அந்தக் கதையைச் சொல்லாதே. எங்க ஊர்ல நீர்ப்பாய்ச்சி மழை ராத்திரியில கரை மேல அரிக்கேன் விளக்கோட ஓடுவார். விளக்கு பேருக்குத்தான். எங்க கரை இளகுது, எங்க தண்ணி கசியுதுன்னு அவர் பாதம் சொல்லும். ஒரு விரக்கடை இறக்கம் போதும் தண்ணிக்கு. அந்த விரக்கடையைக் கார்ல போறவன் கண்டுபிடிக்க முடியாது. நடக்கிறவனுக்கும் சந்தேகம்தான். ஓடுறவனுக்கு மூச்சு சொல்லிடும், ஏன்டா இந்தத் தெருவுல மட்டும் லேசா இருக்கு, அந்தத் தெருவுல இழுக்குதுன்னு.

நீ துணி எடுக்கப் போற தி. நகர் மொத்தமும் ஒரு காலத்துல பெரிய ஏரிடா. நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமாக் கிடந்த தண்ணி. வெள்ளைக்காரன் ‘லாங் டேங்க்’னு எழுதி வச்சான். 1920-கள்ல நீதிக்கட்சி ஆட்சியில, மாம்பலத்துப் பக்கம் தண்ணியை வடிய விட்டு, தூர்த்து, மனை போட்டு, தியாகராய செட்டியார் பேரை வச்சாங்க. அப்போதைய முதல் மந்திரி பனகல் ராஜா பேர்ல நடுவுல பூங்கா. தெருக்களை எல்லாம் வட்டமும் கோடுமா அழகாத்தான் போட்டாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். நுங்கம்பாக்கத்துல மிச்சம் இருந்த ஏரிப் படுகையில 1976-ல வள்ளுவர் கோட்டம் கட்டினாங்க. கல்லுத் தேர் கண்மாய்க்குள்ள நிக்குது. ஏரி போச்சே தவிர பேரை விட மனசு வரல. அங்க ‘லேக் ஏரியா’, ‘டேங்க் பண்ட் ரோடு’. இந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்துல ‘லேக் வியூ ரோடு’. போர்டுல லேக் வியூன்னு எழுதி வச்சுட்டு, ஒரு மழைக்கு லேக் தெரிஞ்சா கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுக் கோபப்படுறீங்க. 2021 நவம்பர்ல தி. நகர்த் தெருவுல தண்ணி நாள் கணக்குல நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கும், அன்னைக்கு நீ டிரெட்மில்லுல ஓடினே.

ஓடும்போது வாசப்படியைப் பாரு. ரோடு மேல ரோடு போட்டு, பழைய வீட்டு வாசலெல்லாம் குழிக்குள்ள இறங்கிக் கிடக்கும். புது வீட்டுக்காரன் ஆளுயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேல ஏறி உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டுத் தண்ணி எங்க போகும்னு நீயே சொல்லு. இந்த வரலாற்றை எல்லாம் கல்வெட்டுல வைக்கல, படிக்கட்டுல வச்சிருக்காங்க.

ஏன் இவ்வளவு தூரம் சொல்றேன்னா, நீ மேற்கு மாம்பலத்துல ஃபிளாட் பார்த்து வச்சிருக்கிறதா உங்கப்பன் சொன்னான். தரைத்தளமாம், ரேட் சல்லிசாம். புரோக்கர் அனுப்பின வீடியோவை நானும் பார்த்தேன். வெயில் அடிக்குது, பால்கனியில துளசிச் செடி, பின்னால வீணைச் சத்தம். சித்திரை மாசத்துல எடுத்த வீடியோ. சித்திரையில எங்க கண்மாய் கூடத்தான் கிரிக்கெட் ஆட ஏத்த மைதானம்.

டோக்கியோவுல நல்லா ஓடிட்டு வா. நீ திரும்பும்போது ஐப்பசி பொறந்திருக்கும். நல்லா நாலு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில ஷூவை மாட்டு. நல்ல ஷூ வேணாம், பழசு போதும். கடிகாரத்தை வீட்டுல கழட்டி வை. அந்த ஃபிளாட் இருக்கிற தெருவை மூணு சுத்துச் சுத்து. எந்த வாசல்ல மணல் மூட்டை தயாரா அடுக்கியிருக்கு, எந்தச் சுவத்துல தண்ணி நின்ன கறை இடுப்பு மட்டத்துல ஓடுது, எவன் பைக்கை மாடிப்படி வரைக்கும் ஏத்தி வச்சிருக்கான், மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கிற சத்தம் எந்த வீட்டுல இருந்து வருது, எல்லாம் பார்த்து மனசுல குறிச்சுக்கிட்டு, அப்புறமா அட்வான்ஸைப் பத்திப் பேசு. புரோக்கரையும் கூடவே ஓடி வரச் சொல்லு. முழங்கால் வலின்னு சாக்குச் சொன்னார்னா அமிர்தாஞ்சன் டப்பா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு, கமிஷன்ல பாதியைக் கழிச்சுக்கோ.